மூன்றாம் ஓலை

எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்தில் அடுத்த மாதம் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பையும் அவர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்: சீர்கெட்ட உலகத்தில் ஒழுக்கமாக வாழ்வது. நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படியேறாதவள். ஆனால் சங்கரன்கோவிலில் தையல் என்று பேச்சு எடுத்தால் என் பெயரைச் சொல்லாமல் யாரும் அடுத்த வார்த்தைக்குப் போக முடியாது. ஒரேயொரு கைமிஷினில் ஆரம்பித்தேன். இன்றைக்கு முப்பது மிஷின் ஓடுகிறது. முப்பது வீட்டில் அதனால் உலை கொதிக்கிறது. நான் தைத்து அனுப்புகிற நைட்டி கேரளாவில் மலை மேல் இருக்கிற வீட்டுக் கொடியில்கூடக் காய்கிறது. எம்.ஏ. படித்த பிள்ளைகள் என் முன்னால் வந்து நின்று வேலை கேட்டிருக்கிறார்கள். ஆகவே என்னைப் பேசச் சொன்னதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. இத்தனை வருஷம் கழித்துச் சொல்கிறார்களே என்பதுதான் ஆச்சரியம்.

தலைப்பை முடிவு செய்த கூட்டத்தில் ஆளாளுக்கு உலகத்தைத் திட்டினார்கள். செல்போன், ரீல்ஸ், கல்யாணத்துக்கு முன்னாலேயே பெண்ணும் மாப்பிள்ளையும் கட்டிப்பிடித்து எடுத்துக்கொள்கிற போட்டோ, பெங்களூரில் தாலி இல்லாமல் ஒரே வீட்டில் குடித்தனம். நம்ம காலத்தில் இப்படியா இருந்தது என்று செயலாளர் அம்மா பெருமூச்சு விட்டார். என் பேத்தி ஒருத்தி பெங்களூரில்தான் வேலை பார்க்கிறாள். அவளைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு, நம்ம காலம் என்று அந்த அம்மா சொன்னது மட்டும் மனதில் கிடந்து உறுத்தியது. நம்ம காலம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். ஒன்பது வயதில் அதை நடுக்கோயிலில் எழுந்து நின்று சொன்னவள் நான்.

கோயில் என்றால் எங்கள் ஆட்கள் சர்ச்சைத்தான் சொல்வோம். ஊருக்கே பெயர் கொடுத்த பெரிய கோயில் நடுவில் கோபுரத்தோடு நிற்க, ஊர்க்கோடியில் ஓடு போட்டு நின்ற எங்களுடைய சின்னதையும் நாங்கள் கூச்சமில்லாமல் கோயில் என்றே சொல்லி வந்தோம். சின்னக் கோயில்தான், சட்டம் பெரியது. பீடி கூடாது. சீட்டு கூடாது. சினிமாக் கொட்டகைப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. ஆடித்தபசுக்கு ஊர் உலகமெல்லாம் ரத வீதியில் நெருக்கியடிக்கும்போது எங்களை வீட்டுக்குள் உட்காரவைத்து ஞானப்பாட்டு பாடச் சொல்வார்கள். ராட்டினத்தின் கிறீச்சொலியையே சுதியாக வைத்துக்கொண்டு நாங்களும் பாடுவோம். ஒருமுறை படம் பார்க்கப் போன ஒரு அண்ணாச்சியை ஆறு மாதம் திருவிருந்தில் அப்பமும் ரசமும் எடுக்க விடாமல் கடைசி வரிசையில் உட்காரவைத்தார்கள். அது அழுகைப் படம்தான், அதில் சந்தோஷமே கிடையாது என்று அவர் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை.

அப்போது எங்கள் வீட்டில் நான்கு பேர். கொத்தனார் வேலை பார்த்த அப்பா, அம்மா, நான், அம்மாவின் தங்கையான சித்தி. பெற்றவர்கள் போய்ச் சேர்ந்த பிறகு சித்தி எங்களோடுதான் இருந்தாள். இருபத்திரண்டு வயது. முதலில் சொன்னேனே, அந்தக் கைமிஷின் அவளுடையது. கோயிலில் சிறுபிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி எடுத்ததும் அவள்தான். பொய்ச்சாட்சி சொல்லக் கூடாது என்ற கட்டளையை அவள் விளக்குகிற விதத்தில், பக்கத்து வீட்டு மாங்காயைத் தின்றுவிட்டு வாயைத் துடைத்தவன்கூட எழுந்து நின்று ஒப்புக்கொள்வான்.

சித்தியைப் பெண் கேட்டவர் ஒரு வாத்தியார். ராயகிரிப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வேலை. வாரம் முழுக்க அங்கே தங்கிவிட்டு, சனிக்கிழமை பஸ்ஸில் வந்து ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பார். சிரித்தால் இரண்டு கன்னத்திலும் குழி விழும். பீடி இல்லை, சீட்டு இல்லை, சினிமா இல்லை. நகை நட்டு எதுவும் வேண்டாம், பெண்ணைக் கொடுத்தால் போதும் என்று அவர் சொன்னபோது அப்பாவுக்கு அழுகையே வந்துவிட்டது. சித்தி மறுநாளே வெள்ளைத் துணியில் இரண்டு தலையணை உறை வெட்டி, ஓரத்தில் பூப்போட்டு, மூலையில் அவர் பெயரின் முதல் எழுத்தையும் தன் எழுத்தையும் பக்கம் பக்கமாகப் பின்னத் தொடங்கினாள். பின்னும்போது ஞாயிற்றுக்கிழமை அவர் வாசித்த பாட்டை மூக்குக்குள் முனகுவாள். நான் கூடச் சேர்ந்து பாடினால் நிறுத்திவிடுவாள்.

கல்யாணம் நிச்சயமானால் எங்கள் கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்றைக்கும் உண்டு. மூன்று ஞாயிறு தொடர்ந்து, இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் கல்யாணம் என்று நாங்கள் ஐயர் என்று கூப்பிடுகிற குருவானவர் அறிவித்துவிட்டு, இதற்குத் தடை ஏதும் யாருக்காவது தெரிந்திருந்தால் இப்போதே சொல்லலாம் என்று கேட்பார். கேட்டுவிட்டு இரண்டு மூச்சு விடுகிற நேரம் நிற்பார். யாரும் எப்போதும் பதில் சொன்னது கிடையாது. பிறகு மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அடுத்த அறிவிப்புக்குப் போவார். ஓலை வாசிக்கிற அன்று கல்யாணப் பெண் கூச்சப்பட்டு வீட்டில் இருந்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். சித்தியும் முதல் ஓலைக்கு வரவில்லை. இரண்டாம் ஓலைக்கும் வரவில்லை.

இரண்டாம் ஓலை முடிந்த வாரம் பள்ளிக்கூடம் லீவு. அப்பாவுக்கு ராயகிரியில் ஒரு வீட்டு வேலை. வேடிக்கை பார்க்க என்னையும் கூட்டிப்போனார். லீவு என்றால் வாத்தியார் ஊருக்கு வந்திருக்க வேண்டுமே என்று எனக்குத் தோன்றவில்லை. மத்தியானம் அப்பா சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தபோது நான் தெருத் தெருவாகச் சுற்றினேன். பின்தெருவில் ஒரு கூரை வீட்டு வாசலில், கட்டிலில் பனியனோடு உட்கார்ந்து, வாத்தியார் ஒரு சின்னப் பையனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பெண் சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். வாயைத் துடைக்க விடாமல் அந்தப் பிள்ளை 'அப்பா அப்பா' என்று அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தது. அதன் கன்னத்திலும் குழி.

என்னைப் பார்த்ததும் அவர் கையில் இருந்த சோறு அப்படியே நின்றது. எழுந்து வந்து, முக்குக் கடைக்குக் கூட்டிப்போய், ஒரு பொட்டலம் கருப்பட்டி மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். யாரிடமும் சொல்லக் கூடாது என்றார். கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னார், மிரட்டவில்லை. நான் மிட்டாயை வாங்கிக்கொண்டேன். சரி என்று சொல்லவில்லை. பொட்டலத்தை அங்கேயே நின்று முழுக்கத் தின்றுவிட்டு, நேராக அப்பாவிடம் போய்ச் சொன்னேன்.

அப்பா கரண்டியால் சாந்தை அள்ளிப் பூசிக்கொண்டே, அது வாத்தியாருக்குத் தெரிந்தவர்கள் வீடு என்றார். அப்பா என்று கூப்பிட்டதே என்றேன்.

"சின்னப்பிள்ளைய ஆரப் பாத்தாலும் அப்பாங்கும். நீ வாய மூடிக்கிட்டு கெட."

அவர் சுவரில் இருந்து கண்ணை எடுக்கவே இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஈரக்கையால் என் வாயைப் பொத்தினாள். எந்தத் தெரு, யார் பிள்ளை என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. கேள்வி கேட்கத் தெரியாதவளும் இல்லை. ஒரு முட்டை குறைந்தால் தெருவையே நிறுத்தி விசாரிக்கிறவள்.

சனிக்கிழமைதான் சித்தியிடம் சொன்னேன். அவள் இரண்டாவது உறையில் கடைசி எழுத்தைப் பின்னிக்கொண்டிருந்தாள்.

"நெசமாவா சொல்லுத?"

"மிட்டாய்கூட தின்னேன்."

"பிள்ளைக்கு என்ன வயசிருக்கும்?"

"நடக்கான். ஓடத் தெரியல."

ஊசி துணிக்குள் போய்த் திரும்பி வரவில்லை.

"சிரிச்சானா?"

"சிரிச்சான். குழி விழுது."

சித்தி உறையை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனாள். திரும்பி வந்தபோது கையில் சீப்பு இருந்தது. எனக்குத் தலை சீவிவிட்டாள். பேன் பார்த்தாள். இல்லாத பேனை வெகுநேரம் பார்த்தாள். தெரிந்ததைச் சொல்லாமல் இருந்தால் அதுவும் பொய்யா என்று நான் கேட்டேன். ஓய்வுநாள் பள்ளியில் இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் பட்டென்று பதில் வரும். அன்றைக்குப் பின்னலைக் கட்டி முடித்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"நாளைக்கு ஐயர் ஓலை வாசிச்சிட்டு ஒண்ணு கேப்பாவ பாத்துக்கோ. எல்லாரும் அத சும்மா கேக்குததுன்னு நெனைக்காவ. அது சும்மா கேக்குதது இல்ல மக்கா."

மறுநாள் காலையில் சித்தி கோயிலுக்குச் சேலை கட்டிக்கொண்டு நின்றாள். மூன்றாம் ஓலை அன்று கல்யாணப் பெண்ணே போய் உட்கார்ந்தால் ஊர் சிரிக்கும் என்று அம்மா எவ்வளவோ சொன்னாள். இன்னைக்கு நான் வாரேன்க்கா என்பதற்கு மேல் சித்தி பேசவில்லை. சிறுபிள்ளைகள் முன்னால் பாயில் உட்கார வேண்டும். சித்தி என் கையைப் பிடித்துப் பெண்கள் பக்கத்தில் தன் அருகிலேயே உட்காரவைத்துக்கொண்டாள். முன்னால் வாத்தியார் ஆர்மோனியத்தின் துருத்தியில் ஒரு கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். சித்தி வந்திருப்பதைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது. பக்கத்தில் நான் இருப்பதையும் பார்த்தார்.

குருவானவர் வாசித்தார். கேள்வியைக் கேட்டார். இரண்டு மூச்சு நேரம் நின்றார். முதல் மூச்சு போயிற்று. என் முதுகில் ஒரு உள்ளங்கை வந்து படிந்தது. நான் எழுந்தேன்.

"ஐயா, எனக்குத் தெரியும்."

கண்ணாடியை ஏற்றப் போன அவர் கை பாதியில் நின்றது. என்ன தெரியும் என்று கேட்டார். நல்ல மனுஷர். சிறுபிள்ளை என்று விரட்டவில்லை. கேட்கிற கடமை தனக்கு உண்டு என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

"வாத்தியாருக்கு ராயகிரில ஒரு பிள்ள இருக்கு. அப்பான்னு கூப்பிடுது."

ஆர்மோனியத்தில் அவர் விரல் பட்டிருக்க வேண்டும். ஒரு சுரம் மட்டும் எழுந்து, இழுத்து, காற்று தீர்ந்து அடங்கியது. அப்பா ஆண்கள் பக்கத்தில் இருந்து எழுந்து வந்தார். எங்கள் கோயிலில் ஆராதனை நடுவில் ஆண்கள் பெண்கள் பக்கம் வருவது கிடையாது. வந்தார். சித்தி என்னை மடியில் இழுத்து முந்தானையால் மூடிக்கொண்டாள். மச்சினியின் முந்தானைக்குள் இருக்கிற பிள்ளையை எப்படிப் பிடித்து இழுப்பார்? நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். இந்த ஓலையை நிறுத்தி வைக்கிறேன் என்று குருவானவர் சொன்னது முந்தானைக்குள் இருந்த எனக்குக் கேட்டது.

முந்தானை விலகியதும் பார்த்தேன். கோயிலே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருத்தர்கூட வாத்தியாரைப் பார்க்கவில்லை. என் தைரியத்தைப் பார்த்து மலைத்துப்போய்விட்டார்கள் என்று நான் நினைத்தேன். பல வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். புதிதாக ஒன்றைக் கேள்விப்படுகிறவர்கள் யாரைப் பற்றிக் கேட்டார்களோ அவரைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது, எனக்கு முப்பது வயதாகி, நாலு பேர் நடுவில் வியாபாரம் பேசிப் பழகிய பிறகுதான் புத்தியில் பட்டது.

அன்று அப்பா மட்டக்கோலை எடுத்து எனக்கு இரண்டு அடி கொடுத்தார். நான் அழவில்லை. இரண்டு நாள் கழித்துச் சபைப் பெரியவர்கள் குருவானவரோடு வீட்டுக்கு வந்தார்கள். படம் பார்த்த அண்ணாச்சியைக் கடைசி வரிசையில் உட்காரவைத்த அதே பெரியவர்கள். ஆம்பிளைகள் அப்படி இப்படி இருப்பதுதான், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார் ஒருவர். அந்தப் பெண் நம்ம சபை இல்லை, தாலி கட்டவும் இல்லை, ஆகவே சட்டப்படி இது தடையே ஆகாது என்றார் இன்னொருவர். மூன்றாம் ஓலையை அடுத்த வாரமே திரும்ப வாசித்துவிடலாம் என்றார்கள். வாத்தியார் அழுததாகவும், சித்தி என்ன சொன்னாலும் கேட்பதாகவும் சொன்னார்கள். அப்பா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். குருவானவர் மட்டும் சித்தியைக் கேட்டார், நீ என்னம்மா சொல்கிறாய் என்று. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவரைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"அந்தப் பிள்ளைக்கு ஒரு அப்பா இருக்காருய்யா. நடுவுல நான் எங்கன போய் நிக்கட்டும்?"

 அம்மா வந்தவர்களுக்குக் காப்பி போடப் போனாள்.

பெரியவர்கள் இரண்டு மூன்று வாரம் அப்பாவுடன் பேசவில்லை. ஆனால் சித்தி சொன்னது எப்படியோ ராயகிரிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. வாத்தியார் சில மாதம் கோயில் பக்கம் வரவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, உளுந்து புடைத்த அந்தப் பெண்ணையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். ஆர்மோனியத்தைத் தொடவில்லை. அந்தப் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் ஞானஸ்நானம் ஆயிற்று. அதற்குப் பிறகு அவர்களுக்கு ஓலை வாசிக்கத் தொடங்கினார்கள். அந்த வாரங்களில் சித்தி தலையணை உறைகளை எடுத்து, தன் எழுத்தை மட்டும் நூல் நூலாகப் பிரித்துவிட்டு, அந்த இடத்தில் வேறு எழுத்தைப் பின்னினாள். அவருடைய எழுத்து இருந்தபடி இருந்தது. நல்ல துணி, வீணாகக் கூடாது என்றுதான் இப்படிச் செய்கிறாள் என்று நான் நினைத்தேன். சிக்கனத்தை அவளிடம்தான் கற்றேன் என்று இன்றைக்கும் என் யூனிட்டில் வேலைக்கு வருகிற பெண்களுக்குச் சொல்வது உண்டு.

சித்தி பிறகு கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஓலை நின்ற பெண்ணை யார் வந்து கேட்பார்கள்? கேட்டிருந்தாலும் சரி என்றிருப்பாளா, தெரியாது. கடைசி வரை அதே மிஷினில் தைத்தாள். போகும்போது அதை எனக்கு விட்டுவிட்டுப் போனாள். நடுக்கோயிலில் எழுந்து நின்ற கதையை நான் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். கடன் கேட்ட வங்கியில் சொல்லியிருக்கிறேன், என் மாமியாரிடம் சொல்லியிருக்கிறேன், பேத்திக்கு அவள் சின்னவளாக இருந்தபோது சொல்லியிருக்கிறேன். பயப்படாதவளாக்கும் உன் பாட்டி என்று சொல்வதற்காகத்தான் சொன்னேன். சொல்லும்போதெல்லாம் கதையை ஓலை நின்ற இடத்தில் நிறுத்திக்கொள்வேன். அதற்குப் பிறகு நடந்ததில் எனக்குப் பெரிய பங்கு இல்லை பாருங்கள்.

வாத்தியாருக்கும் அந்தப் பெண்ணுக்கும் மூன்றாம் ஓலை வாசித்த ஞாயிறு. சித்தி அன்றும் என்னைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். முக்காடு நெற்றி வரை இறங்கியிருந்தது. கடைசி வரிசையில் அந்தப் பிள்ளை எதற்கோ சிரித்தது, யாரோ அதட்டினார்கள். குருவானவர் இரண்டு பெயரையும் வாசித்தார். தடை ஏதும் தெரிந்தால் இப்போதே சொல்லலாம் என்று கேட்டார். இந்த முறை கோயில் முழுக்க எங்கள் இருவரையும் திரும்பிப் பார்த்தது. அப்போது சித்தியின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. எலும்பு நோகிற பிடி. இரண்டு மூச்சு போய், கண்ணாடி ஏறி, அடுத்த அறிவிப்பு முடிந்து, பாட்டுக்கு எல்லாரும் எழுந்த பிறகும் அந்தப் பிடி விடவில்லை. நான்கு நகமும் தோலில் பதிந்திருந்தன.

வெளியே வந்ததும் கையைத் தூக்கிக் காட்டி நான் சண்டைக்குப் போனேன்.

"நான் எந்திரிக்கவே இல்லையே சித்தி. என்ன எதுக்குப் புடிச்ச?"

"தெரியும் மக்கா," என்றாள். அந்த நகத் தடத்தில் எச்சில் தொட்டுத் தடவிவிட்டாள்.

சித்திக்கு என் மேல் நம்பிக்கை இல்லை என்று அன்று முழுக்க அவளோடு பேசாமல் இருந்தேன். அந்தக் கை யாரை எழுந்திருக்க விடாமல் பிடித்து வைத்திருந்தது என்று ஒன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை.